சுவரில் மினுக்கும் லேசர் புள்ளிகள்: ஸ்பெக்கிள் என்றால் என்ன?

இருட்டறையில் ஒரு வெள்ளைச் சுவரின் மேல் லேசர் பாயின்டரின் ஒளியை விழவைத்து, அந்த வெளிச்ச வட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். டார்ச் வெளிச்சம்போல அது ஒரே சீராக இருக்காது. வெளிச்சமும் இருட்டுமாகப் பொடிப்பொடியான புள்ளிகள் அதில் மினுக்கிக்கொண்டிருக்கும். தலையை அசைத்தால் அவையும் இடம் மாறும். சுவரின் பெயின்ட்தான் காரணமோ என்று தோன்றும். நல்ல வழவழப்பான வெள்ளைத்தாளை ஒட்டிப் பார்த்தாலும் புள்ளிகள் போகாது. மலிவான லேசர் என்பதாலும் அல்ல. ஆய்வுக்கூடத்தில் இருக்கும் விலை உயர்ந்த லேசரில் இதைவிடத் தெளிவாகத் தெரியும்.

இந்தப் புள்ளிக்கோலத்துக்கு ஒளியியலில் ஸ்பெக்கிள் என்று பெயர். ஒளி ஓர் அலை என்பதைப் பள்ளியில் யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனையைக் கொண்டு கற்பிக்கிறோம். அதற்குப் பிளவு வேண்டும், அளவெடுத்த இடைவெளி வேண்டும், பொறுமையும் வேண்டும். ஸ்பெக்கிளுக்கு ஒரு சுவர் போதும். ஒளியின் அலைத்தன்மையை இவ்வளவு எளிதாகக் கண்ணுக்கு முன் காட்டும் இன்னொன்றை நான் அறியேன். ஆனாலும் நம் பாடப்புத்தகங்கள் இதைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகின்றன. அந்தக் குறையில் கொஞ்சத்தையாவது இந்தக் கட்டுரை தீர்க்கட்டும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. லேசரை யாருடைய கண்ணுக்கும் நேராகப் பிடிக்கக் கூடாது. கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரம் போன்ற பளபளப்பான பொருள்களின் மேலும் அடிக்கக் கூடாது. தெறித்து வரும் கதிரும் நேர்க்கதிர் அளவுக்கே ஆபத்தானது. 1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட பாயின்டரே இந்தச் சோதனைகளுக்குப் போதும். கடைகளில் கிடைக்கும் சில பச்சை லேசர்களின் உண்மையான திறன், மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ளதைவிடப் பல மடங்கு கூடுதலாக இருப்பதுண்டு. குழந்தைகள் கையில் அவற்றைக் கொடுக்கவே வேண்டாம்.

இனி சுவருக்கு வருவோம். கைக்கு வழவழப்பாகத் தெரியும் சுவர்கூட ஒளியின் அளவில் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். சிவப்பு லேசரின் அலைநீளம் சுமார் 650 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் இப்படி ஆயிரத்து ஐந்நூறு அலைகள் அடங்கிவிடும். தாளின் நார்களும் பெயின்ட் பூச்சின் மேடுபள்ளங்களும் இந்த அலைநீளத்தைவிடப் பெரியவை. ஆகவே லேசர் விழும் இடத்தில் உள்ள ஒவ்வொரு நுண்ணிய மேடும் தன் பங்குக்கு ஒளியைச் சிதறடித்து அனுப்புகிறது. எல்லாமே ஒரே நிறம், ஒரே அலைநீளம். ஆனால் மேட்டிலிருந்து கிளம்பிய அலை சற்று முன்னே வரும்; பள்ளத்திலிருந்து கிளம்பியது சற்றுப் பின்னே வரும். எந்த அலை எவ்வளவு முந்தும், எது பிந்தும் என்பதற்கு ஒரு ஒழுங்கும் கிடையாது.

இந்த அலைகள் எல்லாம் ஒரு புள்ளியில் வந்து சேரும்போது என்ன ஆகும்? இரண்டு அலைகளின் முகடும் முகடும், அதாவது உச்சியும் உச்சியும், சேர்ந்தால் வெளிச்சம் கூடும். ஒன்றின் முகட்டில் மற்றொன்றின் அகடு, அதாவது பள்ளம், வந்து விழுந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அங்கே இருட்டு. இதுதான் குறுக்கீட்டு விளைவு. இரட்டைப் பிளவில் இரண்டே அலைகள் என்பதால் ஒழுங்கான வரிகள் கிடைக்கின்றன. சுவரில் ஆயிரக்கணக்கான அலைகள் கலக்கின்றன என்பதால் ஒழுங்கில்லாத புள்ளிகள் கிடைக்கின்றன. அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே. முகம் பார்க்கும் கண்ணாடியின் பரப்பு அலைநீளத்தைவிட மிக வழவழப்பானது; அதில் முந்துவதும் பிந்துவதும் இல்லாததால் ஸ்பெக்கிளும் இல்லை.

ஆயிரம் அலைகளின் கூட்டுத்தொகையை எப்படிக் கணக்கிடுவது? கண்ணைக் கட்டி விடப்பட்ட ஒருவர் ஒரு திடலின் நடுவே நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அடி வைக்கிறார். மறு அடியை வேறு ஏதோ திசையில் வைக்கிறார். இப்படியே ஆயிரம் அடிகள். ஒவ்வொரு அடியும் ஒரு மேட்டிலிருந்து வரும் அலை; அடியின் திசை, அந்த அலை எவ்வளவு முந்தியது அல்லது பிந்தியது என்பதைக் குறிக்கும். கடைசியில் அவர் புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறாரோ அதுவே அந்தப் புள்ளியில் அலையின் வீச்சு. அதன் இருமடிதான் நாம் பார்க்கும் ஒளிச்செறிவு. சில சமயம் அவர் வெகுதூரம் போயிருப்பார், அது பளிச்சென்ற புள்ளி. சில சமயம் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்திருப்பார், அது இருட்டுப் புள்ளி.

இந்தக் கணக்கை ராலே பிரபு 1880லேயே போட்டுவிட்டார். அப்போது லேசர் ஏது? ஒரே சுருதியில், முன்னும் பின்னுமாக எழும் பல அதிர்வுகள் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. எண்பது ஆண்டுகள் கழித்து அந்த விடை சுவரில் விழுந்த லேசருக்கு அச்சாகப் பொருந்தியது. அது சொல்லும் செய்தி வியப்பானது. முழுமையாக உருவான ஸ்பெக்கிளில் ஏறத்தாழ 63 சதவீத இடம் சராசரியைவிட மங்கலாக இருக்கும். சராசரியின் இரண்டு மடங்கைத் தாண்டும் இடம் சுமார் 13.5 சதவீதம். ஐந்து மடங்கைத் தாண்டுவது 1 சதவீதம்கூட இல்லை. ஆக, பெரும்பகுதி மங்கல், அதன் நடுவே அங்கங்கே சில சுடர்ப்புள்ளிகள். சராசரி வெளிச்சத்தில் இருக்கும் இடங்களே நிறைய இருக்கும் என்றுதான் நம் மனம் எதிர்பார்க்கும். உண்மையில் அதிகம் எதிர்ப்படுவது இருட்டும் அதை ஒட்டிய மங்கலும்தான்.

அப்படியானால் டியூப்லைட்டின் வெளிச்சத்தில் இந்தப் புள்ளிகள் ஏன் இல்லை? சுவர் அதே சுவர், மேடும் பள்ளமும் அதே. ஒளியின் இயல்புதான் வேறு. விளக்கில் கோடானுகோடி அணுக்கள் தத்தம் போக்கில் ஒளியை உமிழ்கின்றன. ஒன்று எப்போது தொடங்குகிறது என்பது மற்றொன்றுக்குத் தெரியாது. நிறங்களும் பல. லேசரில் நடப்பது வேறு. ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் ஒளி, ஆற்றல் ஏற்றப்பட்ட (கிளர்வுற்ற) அணுவைத் தூண்டித் தன்னோடு முகடுக்கு முகடு ஒத்துப்போகும் புதிய ஒளியை வெளியிடச் செய்கிறது. இந்தத் தூண்டப்பட்ட உமிழ்வை ஐன்ஸ்டைன் 1917ல் எழுதிக்காட்டினார். 1960 மே 16 அன்று கலிஃபோர்னியாவின் மாலிபுவில் தியோடர் மைமன் ஒரு ரூபி படிகத்தைக் கொண்டு அதை நிகழ்த்திக் காட்டினார். இப்படி முகடும் அகடும் குலையாமல் நெடுந்தூரம் ஒத்துவரும் ஒளியை ஓரியல் ஒளி என்று நம் பாடநூல்கள் சொல்கின்றன.

எவ்வளவு தூரம் ஒத்துவரும்? சூரிய ஒளியில் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர், அதற்குள் ஒழுங்கு கலைந்துவிடும். சிவப்பு எல்.இ.டி.யில் இருபது மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். கல்லூரி ஆய்வுக்கூடங்களில் இருக்கும் சாதாரண ஹீலியம்–நியான் லேசரில் இருபது, முப்பது சென்டிமீட்டர். ஒற்றை அதிர்வெண்ணில் நிலைநிறுத்தப்பட்ட லேசர்களில் அது கிலோமீட்டர் கணக்கில் போகும். சுவரின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வேறுபாடு சில மைக்ரோமீட்டரோ சில பத்து மைக்ரோமீட்டரோதான். லேசருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. சூரிய ஒளிக்கு இதுவே அதிகம்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சாதாரண வெளிச்சத்தில் ஸ்பெக்கிள் உருவாகவே இல்லை என்று சொன்னால் அது சரியாகாது. ஒவ்வொரு கணமும் அங்கேயும் ஒரு புள்ளிக்கோலம் உருவாகிறது. ஆனால் ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குகூட அது நிற்பதில்லை. அதற்குள் எண்ணற்ற தடவை மாறிவிடுகிறது. நிறத்துக்கு நிறமும் கோலம் வேறு. நம் கண் இவை எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நூறு கோலங்கள் சேர்ந்தால் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு பத்தில் ஒரு பங்காகக் குறையும். பத்தாயிரம் சேர்ந்தால் நூறில் ஒரு பங்கு. கோடிக்கணக்கில் சேரும்போது சுவர் ஒரே சீராக வெளுத்துத் தெரிகிறது. லேசர் செய்வதெல்லாம் அந்தக் கோலத்தை ஓடவிடாமல் நிறுத்திவைப்பதுதான்.

சுவரில் தெரியும் புள்ளிகள் சுவரிலேயே இருக்கின்றனவா? இதற்கு விடை காண எளிய வழி ஒன்று உண்டு. மூக்குக்கண்ணாடி போடுபவராக இருந்தால் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டி கலங்கித் தெரியும். ஸ்பெக்கிள் புள்ளிகள் மட்டும் கூர்மை குறையாமல் அப்படியே இருக்கும். காரணம், நாம் பார்க்கும் புள்ளிகள் நம் விழித்திரையில் உருவாகின்றன. சுவரில் ஒரு சிறு பகுதியிலிருந்து கிளம்பிய அலைகள் கண்மணி வழியே நுழைந்து, விழித்திரையில் ஒரே இடத்தில் சேர்ந்து கூடியும் கழிந்தும் போகின்றன. பக்கத்தில் நிற்பவரின் கண்ணில் உருவாகும் கோலம் வேறு. உங்கள் இரண்டு கண்களிலும்கூட ஒரே கோலம் இல்லை.

அடுத்து, ஒரு அட்டையில் குண்டூசியால் துளையிட்டு, அதன் வழியாக அதே சுவரைப் பாருங்கள். புள்ளிகள் சட்டென்று பெரிதாகும். ஒளி நுழையும் வாசல் சிறுத்தால், விளிம்பு விளைவால் (குறுகிய துளையைக் கடக்கும் ஒளி விரிந்து பரவுவதால்) புள்ளி பெருக்கும் என்பது விதி. கண்மணி 3 மில்லிமீட்டர் விரிந்திருந்தால், 3 மீட்டர் தொலைவில் உள்ள சுவரில் ஒரு புள்ளி சுமார் முக்கால் மில்லிமீட்டர் அளவில் தெரியும். 1 மில்லிமீட்டர் துளை வழியாகப் பார்த்தால் அது இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டும். புள்ளியின் அளவை முடிவுசெய்வது பார்ப்பவரின் கண். சுவரின் சொரசொரப்புக்கு அதில் பங்கு மிகக் குறைவு. முதன்முதலில் இதைப் படிப்பவர்களுக்கு நம்ப முடியாமல் போகும் இடம் இது. அட்டையும் குண்டூசியும் அந்த ஐயத்தைத் தீர்த்துவிடும்.

லென்ஸோ கண்ணோ இல்லாமலும் ஸ்பெக்கிள் உருவாகும். லேசர் கதிரை ஒரு டிரேசிங் பேப்பர் வழியாகச் செலுத்திச் சில மீட்டர் தள்ளி ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்தால், அதன் மேலேயே புள்ளிக்கோலம் விழும். தாளைத் தள்ளிப் பிடிக்கப் பிடிக்கப் புள்ளிகள் பெரிதாகும். டிரேசிங் பேப்பரில் படும் கதிரின் அகலத்தைக் குறைத்தாலும் பெரிதாகும். இது காற்று வெளியிலேயே உண்டாகும் கோலம்.

தலையை அசைக்கும்போது புள்ளிகள் எந்தப் பக்கம் போகின்றன என்பதிலும் ஒரு செய்தி இருக்கிறது. கண்ணாடி இல்லாமல் தலையை வலப்பக்கம் மெல்ல நகர்த்துங்கள். கிட்டப்பார்வை உள்ளவருக்குப் புள்ளிகள் இடப்பக்கம் ஓடும். தூரப்பார்வை உள்ளவருக்கு வலப்பக்கமே, தலையோடு கூடவே நகரும். குறைபாடு இல்லாத கண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கமும் ஓடாமல் நின்ற இடத்திலேயே மினுக்கும். கிட்டப்பார்வைக் கண் சுவருக்கு முன்னே உள்ள ஒரு தளத்தில் குவிந்திருக்கிறது. அந்தத் தளத்தின் கோலமே விழித்திரையில் பதிகிறது. அருகில் இருப்பது, நாம் நகரும்போது, தொலைவில் உள்ள சுவரை ஒப்பிட எதிர்ப்பக்கம் போவதாகத் தெரிவது இயல்பு. தூரப்பார்வைக் கண்ணுக்கு அந்தத் தளம் சுவருக்குப் பின்னே இருப்பதால் எல்லாம் தலைகீழ். 1960களிலும் 70களிலும் இதையே ஒரு பரிசோதனை முறையாக ஆக்கினார்கள். மெல்லச் சுழலும் உருளையின் மேல் லேசரை விழவைத்து, புள்ளிகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று கேட்டு, நகர்வு நிற்கும்வரை லென்ஸை மாற்றிக் கண்ணின் குறைபாட்டை அளந்தார்கள்.

இந்தப் புள்ளிகளை லேசர் வந்த பிறகுதான் மனிதர் கண்டார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 1870களின் இறுதியிலேயே வியன்னாவில் எக்ஸ்னர், மூச்சுக்காற்று படிந்த கண்ணாடித் தகட்டின் வழியே மெழுகுவத்தி ஒளியைப் பார்த்து, ஒளிவளையத்துக்குள் நார்நாராகப் பிரிந்த அமைப்பைக் கவனித்து வரைந்துவைத்தார். 1914ல் மாக்ஸ் ஃபான் லாவே, கண்ணாடியில் லைகோபோடியம் என்ற செடியின் நுண்தூளைத் தூவி, இதே அமைப்பைப் படம்பிடித்தார்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு, அதை விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். இருட்டின் நடுவே உள்ள சிறிய, பளிச்சென்ற விளக்கைப் பார்க்கும்போது அதைச் சுற்றிக் கதிர்கதிராக ஒரு ஒளிவட்டம் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். கொல்கத்தாவில் இருந்த சி.வி. ராமன் 1919ல் இதை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். கண்ணுக்குள்ளே இருக்கும் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது அது என்று விளக்கினார். ஒற்றை நிற ஒளியில் பார்த்தால் அந்த வட்டம் புள்ளிகளாகத் தெரியும். வெள்ளை ஒளியில் புள்ளிகள் நீண்டு கதிர்களாகிவிடும். சிவப்பின் அலைநீளம் நீலத்தைவிடக் கூடுதல் என்பதால், நீலம் உண்டாக்கும் புள்ளி மையத்துக்கு அருகிலும், அதே புள்ளி சிவப்பில் சற்றுத் தள்ளியும் விழும். இடையிலுள்ள நிறங்கள் இரண்டையும் இணைத்துவிடும். புள்ளி வெளிப்புறம் நோக்கி இழுபட்டுக் கோடாவது அதனால்தான்.

1943ல் பெங்களூரில் ராமனிடம் ஆய்வு மாணவராக இருந்த ஜி.என். ராமச்சந்திரன், இத்தகைய ஒளிவளையங்களில் ஒளிச்செறிவு எப்படி ஏறி இறங்குகிறது என்பதை எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபது, இருபத்தொன்றுதான். ராலேயின் கணக்கைக் கொண்டு அந்த ஏற்ற இறக்கத்தை அணுகினார். இன்றைய ஸ்பெக்கிள் ஆய்வு நூல்கள் அந்தக் கட்டுரையை முன்னோடிகளின் வரிசையில் வைக்கின்றன. பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராகி, கொலாஜன் புரதத்தின் மும்முறுக்கு வடிவத்தைக் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கண்டறிந்தவரும், புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்க முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடத்தைத் தந்தவரும் இவரே. அந்தப் பெரும் சாதனைகளின் வெளிச்சத்தில் இந்த இளவயதுக் கட்டுரை மறைந்துபோனது. லேசர் பிறப்பதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே லேசர் ஒளியின் முக்கியமான குணம் ஒன்றைப் பெங்களூரில் ஓர் இளைஞர் பாதரச விளக்கு காலத்துக் கருவிகளோடு கணக்கிட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தரும் செய்தி.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைத் தொடர்ச்சியாகத் தரும் ஹீலியம்–நியான் லேசர் 1962ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஒளிர்ந்தது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான ரிக்டன், அதே ஆண்டில் கார்டனோடு சேர்ந்து, இந்த ஒளி விழும் இடமெல்லாம் பொடிப்பொடியாகத் தெரிகிறதே என்று எழுதினார். அடுத்த ஆண்டு ஆலிவர் அதற்கு விளக்கம் எழுதினார். அவர்கள் பழைய கட்டுரைகளை அறிந்திருக்கவில்லை. லேசர் வைத்திருந்தவர்கள் எல்லாரும் இதைப் புதிதாகக் கண்டார்கள்.

கண்ட கொஞ்ச நாளிலேயே அதை வெறுக்கவும் தொடங்கினார்கள். லேசரைக் கொண்டு எடுத்த படங்களிலும் ஹோலோகிராம்கள் எனும் முப்பரிமாணப் படங்களிலும் நுண்ணிய விவரங்களை எல்லாம் இந்தப் புள்ளிகள் விழுங்கின. ஹோலோகிராஃபியைக் கண்டுபிடித்த டென்னிஸ் காபரே 1970ல் ஸ்பெக்கிளை ஒழிப்பது எப்படி என்று தனிக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. இன்றைக்கும் லேசர் புரொஜெக்டர் செய்பவர்களுக்கு இது தலைவலிதான். கதிரின் வழியில் ஒரு மங்கிய தகட்டை வைத்து அதிர வைப்பார்கள் அல்லது சுழற்றுவார்கள்; சற்றே வேறுபட்ட அலைநீளம் கொண்ட பல லேசர்களைச் சேர்ப்பார்கள்; திரையையே மெல்ல அதிரச் செய்வதும் உண்டு. எல்லாவற்றின் நோக்கமும் ஒன்று: கண் ஒரு காட்சியை வாங்கிக்கொள்ளும் நேரத்துக்குள் பல கோலங்களைக் காட்டி, ஏற்றத்தாழ்வைச் சராசரியில் கரைத்துவிடுவது.

ஆனால் அதே புள்ளிகளில் தகவல் இருக்கிறது என்பதைச் சிலர் கண்டுகொண்டார்கள். கோலம் ஒழுங்கற்றது என்றாலும் தற்செயலானது அல்ல. சுவரும் லேசரும் கண்ணும் இருந்த இடத்தில் இருந்தால் நாளை வந்து பார்த்தாலும் அதே கோலம்தான். சுவர் கொஞ்சம் நகர்ந்தாலும் அது மாறும். அப்படியானால் மாற்றத்தை அளந்து நகர்வைக் கண்டுபிடிக்கலாம் அல்லவா? இயந்திரப் பாகம் ஒன்றின் மேல் லேசரை விழவைத்து, சுமை ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் ஸ்பெக்கிளைப் பதிவுசெய்து ஒப்பிட்டால், எந்த இடம் எவ்வளவு வளைந்தது என்பது வரிகளாகத் தெரிந்துவிடும். பொருளைத் தொட வேண்டியதே இல்லை. 1970 வாக்கில் இங்கிலாந்தின் லஃப்பரோவில் லீண்டர்ட்ஸும் பட்டர்ஸும் இந்த முறையைக் கட்டியெழுப்பினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆர்.எஸ். சிரோஹி பல ஆண்டுகள் இந்தத் துறையில் ஆய்வு செய்து, மாணவர்களை உருவாக்கி, ஸ்பெக்கிள் அளவீட்டியல் குறித்து உலகெங்கும் பயன்படும் நூலைத் தொகுத்தளித்தார்.

என்னை அதிகம் கவர்ந்தது மருத்துவப் பயன்தான். நன்கு பழுத்த தக்காளியின் மேல் லேசரை அடித்து, தலையை அசைக்காமல் பாருங்கள். சுவரில் அசையாமல் நின்ற கோலம் இங்கே ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கும். தோலுக்கு உள்ளே புகுந்து வெளிவரும் ஒளி, அங்கே அசையும் துகள்களால் ஒவ்வொரு கணமும் மாறுகிறது. தண்ணீரில் கலந்த பாலிலும் இதைக் காணலாம். அந்த நெளிவின் வேகத்தைக் கொண்டு திரவத்தில் மிதக்கும் துகள்களின் அளவைச் சொல்லும் கருவிகள் இன்று மருந்து ஆலைகளில் வழக்கமாக இருக்கின்றன.

உடலில் ஓயாமல் அசைவது இரத்தம். 1981ல் ஃபெர்ச்சரும் பிரையர்ஸும் ஒரு எளிய யோசனையைச் சொன்னார்கள். லேசர் ஒளியில் திசுவைச் சில மில்லிநொடிகள் கேமராவில் படம் எடுங்கள். இரத்தம் ஓடாத இடத்தில் கோலம் அசையாது, புள்ளிகள் கூர்மையாகப் பதியும். ஓடும் இடத்தில் அந்தச் சிறு நேரத்துக்குள்ளேயே கோலம் பலமுறை மாறி, படத்தில் கலங்கலாகப் பதியும். எங்கே கலங்கல் கூடுதலோ அங்கே ஓட்டம் கூடுதல். படத்தை சிறுசிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஏற்றத்தாழ்வை சராசரியால் வகுத்தால் இரத்த ஓட்டத்தின் வரைபடம் வந்துவிடும். அவர்கள் முதலில் இதைக் கண்ணின் விழித்திரையில் பயன்படுத்தினார்கள். 2001ல் பாஸ்டனில் டன், போயஸ் முதலியோர் மூளையின் மேற்பரப்பில் இரத்த ஓட்டம் நொடிக்கு நொடி மாறுவதை இதே முறையில் படமாக்கிக் காட்டினார்கள். தீக்காயத்தின் ஆழத்தை மதிப்பிடுவதிலும், மூளை அறுவை சிகிச்சையின்போது குழாய்களில் ஓட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதிலும் இந்த முறை பயன்படுகிறது. ஊசி இல்லை, சாயம் இல்லை. ஒரு லேசரும் ஒரு கேமராவும் ஒரு வகுத்தல் கணக்கும்தான்.

லேசரே இல்லாத இடங்களிலும் இதே கதை தொடர்கிறது. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேன் படம் பொடிப்பொடியாகத் தெரிவது ஒலியலைகளின் ஸ்பெக்கிள். இதயத்தின் எக்கோ பரிசோதனையில் அந்தப் பொடிகளையே அடையாளமாகப் பின்தொடர்ந்து இதயத்தசை எவ்வளவு சுருங்குகிறது என்று அளக்கிறார்கள். விண்மீன் ஒளி நம் காற்றுமண்டலத்தைக் கடக்கும்போதும் தொலைநோக்கியில் புள்ளிக்கோலமாக உடைகிறது. நெடுநேரம் படம் எடுத்தால் எல்லாம் கலந்து மங்கிய திட்டாகிவிடும். ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு அளவுக்குப் படம் எடுத்தால் கோலம் உறைந்து நிற்கும் என்றும், அதிலிருந்து தொலைநோக்கியின் முழுக் கூர்மையையும் மீட்கலாம் என்றும் 1970ல் பிரான்சின் அந்துவான் லாபெய்ரி காட்டினார். அவரும் நண்பர்களும் பாலோமர் மலையின் 5 மீட்டர் தொலைநோக்கியில் அதைச் செய்தும் பார்த்தார்கள். நம் பால்வீதியின் மையத்தில் கருந்துளையைச் சுற்றி ஓடும் விண்மீன்களை 1990களில் கென்சலின் குழு சிலியிலிருந்தும், கெஸ்ஸின் குழு ஹவாயிலிருந்தும் பின்தொடரத் தொடங்கியது இந்த வகைக் குறுநேரப் படங்களால்தான். அந்தப் பணிக்கு 2020ல் நோபல் பரிசு கிடைத்தது.

கடைசியாக, இன்று ஆய்வாளர்கள் நிற்கும் இடம். பெயின்ட் பூச்சைப் போன்ற, ஊடுருவிப் பார்க்க முடியாத ஒரு படலத்தின் மறுபுறம் வந்து சேரும் லேசர் ஒளி ஸ்பெக்கிளாகத்தான் வரும். கோலம் தற்செயலானது அல்ல என்றோம். அப்படியானால் உள்ளே போகும் அலையை முன்கூட்டியே தக்கபடி நெளித்து அனுப்பினால், வெளியே வரும்போது எல்லா அலைகளும் ஒரே புள்ளியில் முகடுக்கு முகடு சேர வேண்டும். 2007ல் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் வெல்கூப்பும் மோஸ்க்கும் இதைச் செய்தே காட்டினார்கள். கதிரை ஆயிரக்கணக்கான சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முந்தவும் பிந்தவும் வைத்துப் பார்த்து, வெள்ளைப் படலத்தின் மறுபுறம் ஒரு புள்ளியில் ஒளியைக் குவித்தார்கள். அந்தப் புள்ளி, சுற்றியுள்ள சிதறிய ஒளியைவிட ஆயிரம் மடங்கு வரை பிரகாசமாக இருந்தது. 2010ல் பாரிஸில் ஒரு குழு, படலத்தின் ஒரு பக்கம் நுழையும் ஒளிக்கும் மறுபக்கம் வரும் கோலத்துக்கும் உள்ள தொடர்பை முழு அட்டவணையாகவே அளந்தது. அந்த அட்டவணை கையில் இருந்தால், புள்ளிக்குழப்பத்திலிருந்து அசல் படத்தைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம்.

தலைமுடி அளவுள்ள கண்ணாடி இழை வழியாக உடலுக்குள் பார்க்கும் முயற்சிகள் இதிலிருந்து பிறந்தவை. அந்த இழைக்குள் போகும் படமும் மறுமுனையில் ஸ்பெக்கிளாகத்தான் வெளிவருகிறது. இழையின் அட்டவணையை அளந்து வைத்துக்கொண்டு, உயிருள்ள சுண்டெலியின் மூளை ஆழத்தில் இருக்கும் நரம்பணுக்களை இப்படிப் படம் எடுத்திருக்கிறார்கள். இழை வளைந்தால் அட்டவணை மாறிவிடுகிறது என்பது ஒரு சிக்கல். இழை இல்லாமல் நேரடியாகத் திசுவின் வழியே பார்ப்பதென்றால் அதைவிடப் பெரிய சிக்கல். இரத்தம் ஓடிக்கொண்டே இருப்பதால் திசுவின் கோலம் சில மில்லிநொடிகளில் வேறாகிவிடும். அதற்குள் அளந்து, கணக்கிட்டு, அலையை நெளித்து அனுப்பி முடித்தாக வேண்டும். இரத்த ஓட்டத்தைக் காட்டித்தந்த அதே அசைவு இங்கே எதிரே வந்து நிற்கிறது. அதைவிட வேகமாக அலையை மாற்றும் நுண்கண்ணாடிகளையும் சில்லுகளையும் உருவாக்குவதில்தான் பல ஆய்வுக்குழுக்கள் இப்போது முனைந்திருக்கின்றன.